டேட்டாபேஸ் டர்ட்டி ஷட்டவுன்ல நிக்குது, ஸ்லாஷ் பி ஓட்டிடலாமா?

புதுஅட்மின்:
எக்ஸ்சேஞ்ச் 2016 (மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர்). ஒரு யூசர் மூணு வாரம் முன்னாடி ஒரு ஃபோல்டரையே அழிச்சிட்டு இப்பதான் தேடுறார். அழிச்சத 14 நாள் வெச்சிருக்கிற டீஃபால்ட்ட நாங்க மாத்தவே இல்ல, அதனால சர்வர்லயும் போச்சு. பழைய பேக்கப்ல இருந்து ஈடிபி ஃபைல (மெயில் டேட்டாபேஸ் ஃபைல்) வேற டிரைவ்ல எடுத்து வெச்சு, ரெக்கவரி டேட்டாபேஸ் (பழைய மெயில மீட்க மட்டும் திறக்கிறது) ஒண்ணு உருவாக்கி மவுண்ட் குடுத்தா ஏறமாட்டேங்குது. ஈஎஸ்ஈயூட்டில்னு இருக்கிற டேட்டாபேஸ் டூல்ல ஸ்லாஷ் எம்ஹெச் (நிலைமை பாக்குற ஆப்ஷன்) போட்டா டர்ட்டி ஷட்டவுன் (சரியா மூடல), லாக் ரெக்வயர்ட் (ஏத்தவேண்டிய மாற்றப் பதிவு ஃபைல்கள்) 72000-72009ன்னு காட்டுது. அந்த நம்பர்ல ஒரு லாக் ஃபைல்கூட பேக்கப்ல இல்ல. நெட்ல அதே டூலோட ரிப்பேர் ஆப்ஷன், ஸ்லாஷ் பி, ஓட்டச் சொல்றாங்க, ஓட்டவா?

லாக்பூச்சி:
கைய எடுங்க பாஸ் மொதல்ல. ஸ்லாஷ் பி ரிப்பேர்னு பேருதான், புரியாத பேஜ (டேட்டாபேஸோட சின்னத் துண்டு) தூக்கி வீசிட்டு மிச்சத்த ஒட்டி வைக்கும், வீசுனதுல உங்க யூசரோட மெயில் இருந்தா அவ்ளோதான். பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸ் ஓடிட்டே இருந்திருக்கும், அதனால டர்ட்டின்னு காட்டுறது சகஜம், ஃபைல் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. பாதி எழுதுன விஷயம் லாக்ல இருக்கு, அத ஏத்தணும், அவ்ளோதான்.

அப்புறம் 72000ன்னு தேடினா எப்படி கிடைக்கும்? லாக் ஃபைல் பேர் ஹெக்ஸ்ல (பதினாறு அடிமான எண்ல) இருக்கும். அதே வரியில பக்கத்துல அடைப்புக்குள்ள இன்னொரு நம்பர் இருக்கே, பாக்கலையா? 72000ன்னா ஹெக்ஸ்ல 11940. அப்போ ஈ00ல ஆரம்பிச்சு 11940ல முடியிற ஃபைல்ல இருந்து 11949 வரைக்கும், மொத்தம் பத்தே ஃபைல், ஒண்ணு 1 எம்பி.

டவ்காட்வாசி:
இதுக்குத்தான் மெயில்டிர்னு வேற முறையில மெயில சேமிச்சு வெச்சுக்கோங்கன்னு கரடியா கத்துறேன், ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல், அந்த ஃபோல்டர மட்டும் ஆர்சிங்க்ல (ஃபைல் காப்பி பண்ற டூல்) திருப்பி வெச்சா முடிஞ்சது.

லாக்பூச்சி:
வீடு பத்தி எரியும்போது வேற வீடு பாருங்கன்னு சொல்றீங்களே :)

புதுஅட்மின்:
அய்யோ ஆமா, பத்தும் இருக்கு! ரெண்டு நாளா முன்னாடியே வெச்சுக்கிட்டு தேடியிருக்கேன். இப்ப என்ன பண்ணணும்?

பழையசர்வர்:
மொதல்ல ஈடிபிய இன்னொரு காப்பி எடுத்து ஓரமா வைங்க, எது பண்ணாலும் காப்பிலதான். பத்து லாக்கையும் ஒரு தனி ஃபோல்டர்ல போட்டு, ஸ்லாஷ் எம்எல் விட்டு லாக் எல்லாம் நல்லா இருக்கான்னு பாருங்க, அப்புறம் லாக்க ஏத்த ஸ்லாஷ் ஆர் ஈ00, அதோட ஸ்லாஷ் எல்-ல லாக் பாத், ஸ்லாஷ் டி-ல ஈடிபி பாத். ஓடுற சர்வரோட லாக் ஃபோல்டர தப்பித்தவறிகூட குடுத்துடாதீங்க. முடிஞ்சதும் திரும்ப ஸ்லாஷ் எம்ஹெச், க்ளீன் ஷட்டவுன்னு வரணும். வந்தா மவுண்ட் பண்ணிட்டு நியூ மெயில்பாக்ஸ் ரீஸ்டோர் ரிக்வஸ்ட்னு கமாண்ட் குடுங்க (மீட்ட மெயில யூசரோட மெயில்பாக்ஸுக்கு காப்பி பண்ணும்), அதுல டார்கெட் ரூட் ஃபோல்டர்னு ஒரு தனிப் பேர் குடுத்துடுங்க, இல்லன்னா பழைய மெயில் எல்லாம் இப்ப இருக்கிறதோட கலந்துரும், அப்புறம் அந்த யூசர் உங்கள விடமாட்டார்.

நான் ஒருதடவ அவசரத்துல ஸ்லாஷ் பி ஓட்டி டேட்டாபேஸ் ஏறிடுச்சுன்னு சந்தோஷப்பட்டு, அப்புறம் எல்லா மெயில்பாக்ஸையும் புது டேட்டாபேஸுக்கு மூவ் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். ரிப்பேர் பண்ணத அப்படியே ஓட்டக்கூடாது.

புதுஅட்மின்:
க்ளீன் ஷட்டவுன் வந்துருச்சு, ஃபோல்டர் காப்பி ஆகிட்டிருக்கு. அந்த 14 நாள 30 ஆக்கிட்டேன்.