புதுப்பிப்பு: குரோம்பேட்டை வீட்டு மாமரம், தண்டில் துளை, கீழே மரத்தூள்

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஆகஸ்டில் கேட்டது இதுதான்: அப்பா வைத்த பங்கனப்பள்ளி, 30 வயதுக்கு மேல். அடித்தண்டில் துளைகள், ஒரு கிளை பக்கத்து மாடிமேல் சாய்கிறது, மரத்தையே எடுத்துவிடலாமா?

எடுக்கவில்லை. இது தண்டுத்துளைப்பான் (மரத்தைக் குடையும் வண்டின் புழு), சைக்கிள் ஸ்போக்கும் பெட்ரோல் பஞ்சும் போதும் என்றவர் சொன்னதுதான் பலித்தது. ஸ்போக் நுனியைக் கொக்கியாக வளைத்து, துளைக்குள் விட்டு இழுத்ததில் மூன்று புழுக்கள்: விரல் தடிமன், வெண்ணெய் நிறம், காலே கிடையாது. பிறகு பெட்ரோலில் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் அடைத்தேன். பத்து நாளில் இரண்டு துளையில் மறுபடி தூள். திரும்பச் செய்தேன், அதோடு நின்றது.

கிளை வெட்ட வந்தவர், "மொட்டை அடிச்சிடலாம் சார், நல்லா துளிர்க்கும்" என்றார். வேண்டாம் என்று ஒரே கிளையை மட்டும் எடுக்கச் சொன்னேன். முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்ததால் தண்டுப் பட்டை உரியவில்லை. மிச்சக் கட்டையை, கிளை தண்டோடு சேருமிடத்தில் புடைத்திருக்கும் பகுதிக்கு வெளியே அறுத்து, வெட்டில் காப்பர் ஆக்சிகுளோரைடு (பூஞ்சைக்கொல்லி) பசை தடவினோம்.

எதிர்பாராதது, அப்பா காலத்தில் பொந்தில் அடைத்த சிமெண்ட். தட்டியதும் கையோடு வந்தது. பின்னால் ஈரமும் மக்கிய மரமும். மரம் காற்றில் அசைகிறது, சிமெண்ட் அசையாது, இடுக்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சுரண்டிவிட்டுப் பொந்தைத் திறந்தே விட்டிருக்கிறேன்.

இப்போது மாசி. வெட்டிய பக்கம் பூ இல்லை, மறுபக்கம் நிறைய.