மெட்டல் டிடெக்டர் காயிலை ஆட்டும்போது கோட்டை விட்ட இடங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை:

தை மாசம் நடந்தது, இன்னும் மனசை அறுக்கிறது. புரட்டாசி நடவில் எங்கள் சித்தியின் ஒரு கால் மெட்டி சேற்றோடு போய்விட்டது. "அறுப்பு முடியட்டும் சித்தி, மெட்டல் டிடெக்டர் மெஷினைப் போட்டு எடுத்துத் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்தவன் நான். அறுப்புக்கு முன்னால் வயல் முழுக்க உளுந்து தெளித்த சித்தப்பா, அந்த மூலையை மட்டும் எனக்காகச் சும்மா விட்டுவைத்தார். கீழ வரப்பு ஓரம், மோட்டார் கொட்டகைக்கு நேரே, அதிகம் போனால் ஐந்து குழி நிலம் இருக்கும்.

தண்டின் நுனியில் இருக்கும் காயிலை, அதாவது உலோகத்துக்கு மேலே போனால் மெஷினைக் கத்தவைக்கும் தட்டை, இரண்டு நாள் தரைக்கு மேலே ஆட்டினேன். லாட ஆணி, கொழு முனை, மருந்து டப்பா மூடி என்று வந்ததே தவிர மெட்டி வரவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் "இங்கே இல்லை சித்தி, தண்ணியோடு வாய்க்காலுக்குப் போயிருக்கும்" என்றேன். "விடுப்பா, போனது போனதுதான்" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அக்கா பையன், பத்து வயசு, தானும் பார்க்கிறேன் என்றான். தண்டை அவன் உயரத்துக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. "மாமா, கத்துது" என்றான். என் குதிகால் தடத்திலிருந்து மூன்று சாண் தள்ளிக் கிடந்தது. களிமண் கட்டியை விரலால் பிட்டால் உள்ளே கறுத்த வளைவு ஒன்று. அந்தக் கட்டிக்கு மேலே நான் குறைந்தது நாலு தடவை காயிலைக் கொண்டுபோயிருக்கிறேன்.

எங்கே தப்பு என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று, அவனைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் ஆட்டினேன். "நடுவில் சரியாத்தான் இருக்கு மாமா. ஓரத்துக்குப் போனா மேலே போயிடுது." ஆமாம், ஊஞ்சல் மாதிரி, இரண்டு ஓரத்திலும் ஒரு சாண் ஏறிப்போகிறது. மெட்டி கிடந்தது சரியாக அந்த ஓரத்தில். அதுவும் மெட்டி முழு வளையம் கிடையாது, அடியில் வாய் திறந்திருக்கும். மூடிய மோதிரத்தில் மின்னோட்டம் சுற்றி வந்து கணீரென்று கேட்கும். திறந்த வளையத்தில் அது முழுசாகச் சுற்ற முடியாது, சத்தம் மங்கிவிடும். அப்படிப்பட்டதை ஒரு சாண் உயரத்திலிருந்து கேட்கவா முடியும்?

உங்களுக்கும் இப்படிக் கை நழுவியது உண்டா?

கொள்ளிடம் மணல்:

அண்ணே, ஓரம் தூக்குவது தப்புதான், ஆனால் மொத்தப் பழியையும் அதன் மேலேயே போடாதீர்கள். இரண்டு நாளும் என்ன வேகத்தில் ஆட்டினீர்கள் என்று சொல்லவே இல்லையே.

எனக்கு வேகத்தால் வந்த வினை. நெல் தூற்றும்போது மச்சான் மோதிரம் களத்தில் கழன்றுவிட்டது. மூன்று தலைமுறையாக மாடு கட்டிய களம், கால் வைத்த இடமெல்லாம் இரும்பு. நான் புல் அறுப்பதுபோலச் சரக் சரக்கென்று வீசினேன். ஓர் இடத்தில் "டிக்" என்று ஒரு சத்தம், பாதியிலேயே அறுந்து நின்றது. குப்பை என்று தாண்டிப் போய்விட்டேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்த பிறகும் அந்த "டிக்" காதிலேயே இருந்தது. கை கழுவிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன்.

இந்தத் தடவை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக மூன்று எண்ணினேன். அறுந்த சத்தத்தை ஒட்டி இன்னொன்று மெல்லக் கேட்டது. அப்படியே குறுக்கே திரும்பி நின்று ஆட்டினேன். இரும்பின் கரகரப்பு ஒரு பக்கம், அதைவிட்டு விலகி உருண்டையான சத்தம் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பிரிந்தது. லாடத் துண்டுக்கு நாலு விரல் தள்ளி மோதிரம்.

இரும்பைக் கேட்டு முடித்து அடுத்ததைக் கேட்க மெஷினுக்கு ஒரு கணம் வேண்டும். அதைக் கொடுக்காமல் ஓடினால், ஒட்டிக் கிடக்கும் தங்கத்தையும் இரும்பு விழுங்கிவிடும்.

வல்லம் செம்மண்:

இருவரும் வண்டல் மண்ணில் நின்று பேசுகிறீர்கள். வல்லத்துக்கு வந்து பாருங்கள். தஞ்சாவூரைத் தாண்டினால் கொஞ்ச தூரத்திலேயே செம்புறை மண் ஆரம்பித்துவிடும், மண்ணே இரும்பு. பாட்டியின் பெட்டிச் சாவி, பித்தளைச் சாவி, கிணற்றடியில் விழுந்ததைத் தேடினேன். காயில் கொஞ்சம் இறங்கினால் கத்தும், ஏறினால் கத்தும். பதினோரு குழி தோண்டினேன், பதினொன்றிலும் வெறும் செம்மண். பதினோராவது குழி ஓரத்தில் உட்கார்ந்து, வாரிய மண்ணைக் கையில் வைத்துக் காயிலுக்கு நேரே ஆட்டினேன். மண்ணே கத்தியது. அந்த இடம் மறக்காது.

"தரையை ஒட்டி, தரையை ஒட்டி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் மண்ணுக்கு ஒட்டக்கூடாது. கட்டைவிரல் உயரம் விட்டு, அந்த உயரம் மாறாமல் போகவேண்டும். ஆரம்பிக்கும் முன் காயிலை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி, மண்ணின் சத்தம் அடங்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸ் வைக்கவேண்டும். சாவி பிறகு கிடைத்தது, வேறு இடத்தில்.

தாளடி:

நான் குடவாசல் பக்கம். ஆட்டத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

உளுந்து பறிக்கும்போது அம்மாவின் செயின் அறுந்து விழுந்தது, முக்கால் பவுன், நூல் மாதிரி மெல்லியது. நீங்கள் சொல்கிற அத்தனையும் செய்தேன். மட்டமாக, மெதுவாக, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடுகிற மாதிரி. அரை நாள் ஆட்டியும் ஒரு சத்தம் இல்லை. அம்மா வரப்பில் நின்று வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

சந்தேகம் வந்து, என் கழுத்துச் செயினைக் கழற்றித் தரையில் நீளமாகப் போட்டு அதன் மேலேயே காயிலைக் கொண்டுபோனேன். மெஷின் வாயே திறக்கவில்லை! கொக்கி இருந்த முனையில் மட்டும் முணுக்கென்றது. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனித் துணுக்கு என்பதால் மெஷினுக்கு அது ஒரே பொருளாகத் தெரிவதில்லை. அன்றைக்கே மெஷினை வைத்துவிட்டு, மேல்மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தோம். மூன்றாவது கூடையில் சல்லடைக் கண்ணில் கொக்கி மாட்டித் தொங்கியது. அம்மா மண்ணோடு சேர்த்து அப்படியே அள்ளிக்கொண்டார்.

மெல்லிய செயின் என்றால் கொக்கியையும் டாலரையும் குறிவைத்துத் தேடுங்கள். சத்தம் இல்லை என்பதால் பொருளும் இல்லை என்று வீட்டாரிடம் சொல்லிவிடாதீர்கள். வெண்ணாற்றங்கரை அண்ணா, உங்கள் சித்தியிடம் "இங்கே இல்லை" என்று சொன்னீர்களே, அதைப் படித்தபோது எனக்கு அம்மாதான் ஞாபகம் வந்தார்.

தரங்கம்பாடி அலை:

எல்லோருக்கும் வணக்கம். என் அனுபவம் சின்னது. விளையாடும்போது மகளின் வெள்ளிக் கொலுசு ஈர மணலில் புதைந்துவிட்டது. அலை வந்து போகும் இடத்துக்குப் போனதும் மெஷின் விடாமல் அலறியது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஒற்றை அலைவரிசை மெஷினுக்கு ஈர மணலே உலோகம் மாதிரித்தான். சென்சிட்டிவிட்டியை, அதாவது மெஷினின் உணர்திறனை, பாதிக்குக் குறைத்து, அலைக் கோட்டுக்கு இணையாக நடந்ததும் அடங்கியது. கொலுசு கிடைத்தது. குறுக்கே நடந்தால் ஒரே வீச்சில் காய்ந்த மணலும் ஈர மணலும் மாறி மாறி வரும், மெஷின் குழம்பிவிடும். விட்டு விட்டுத் துடிப்பாக மின்னோட்டம் அனுப்பும் பல்ஸ் வகை மெஷினுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இரும்பைப் பிரித்துச் சொல்வதில் அது சுமார்தான்.

இப்போது கேட்காமலே சில விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் காயில் எந்த வகை என்று யாருமே சொல்லவில்லை. வட்டக் காயிலில் கான்சென்ட்ரிக் என்று ஒரு வகை உண்டு, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம். அதன் புலம் பம்பரம் மாதிரி, மேலே அகலம், கீழே போகப் போகக் கூர். ஆழத்தில் ஒரு கையகலம்தான் பார்க்கும். அதில் பாதிக்குப் பாதி மூடி ஆட்டாவிட்டால் நடுவே பட்டை பட்டையாக மண் விட்டுப்போகும். D வடிவத்தில் இரண்டு சுருள் வைத்த டபுள் டி காயில் அரிவாள் பதிந்த மாதிரி, முன்னிருந்து பின் வரை நீளமாகப் பார்க்கும், அதனால் விட்டுப்போவது குறைவு. காயில் வயரைத் தண்டோடு இறுக்கிச் சுற்றுங்கள். அது தொங்கி ஆடினாலே பொய்ச் சத்தம் வரும். காயில் உறைக்குள் சேறு ஏறியிருந்தால் கழற்றிக் கழுவுங்கள். பம்புசெட் ஓடும்போது பக்கத்தில் ஆட்டாதீர்கள், செல்போனைத் தள்ளி வையுங்கள். காயிலை நிறுத்திக் கேட்காதீர்கள், இந்த மெஷின்கள் பெரும்பாலும் அசைவில்தான் பேசும்.

அப்புறம் சட்டம். வீட்டில் தொலைந்ததைத் தேடுவது வேறு, பழங்காலப் பொருளைத் தேடுவது வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அந்தப் பக்கம் மெஷினை வண்டியிலிருந்தே இறக்காதீர்கள். எங்கள் ஊர் டேனிஷ் கோட்டை 1620-இல் கட்டியது, அதன் பக்கமும் நான் போகமாட்டேன். சோழர் காசு ஒன்று எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் சரித்திரம். நாம் தோண்டி எடுத்தால் காசு மட்டும்தான் மிஞ்சும்.

கொள்ளிடம் மணல்:

ஐயா, சட்டம் சரி, நன்றி. ஆனால் இங்கே யாரும் சோழர் காசு தேடவில்லை, மெட்டியும் மோதிரமும்தான். வெண்ணாற்றங்கரை அண்ணே, நான் கேட்ட வேகத்துக்குப் பதில் வரவில்லை. அறுத்த நெல் தாள் எவ்வளவு உயரம் இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

தம்பி, வேகமும் தப்புதான். பையன் ஆட்டியதில் பாதி நேரத்தில் நான் ஒரு வீச்சை முடித்திருக்கிறேன். அறுப்பு மெஷின் அறுத்த தாள் ஒரு சாண் நின்றது. நான் வரிசைக்குக் குறுக்கே வீசியதால் காயில் தாள் நுனியில் ஏறிச் சவாரி போனது. பையன் வரிசையோடு வீசினான், தாளுக்கு நடுவே தரை வரைக்கும் இறங்கியது. தண்டைக் குறைத்ததும், அவன் கை குட்டை என்பதும் சேர்ந்து வீச்சு இரண்டடிக்கு மேல் போகவில்லை. அதனால் ஓரம் தூக்கவே வழி இல்லை. இப்போது நானும் தண்டை இரண்டு துளை குறைத்துத்தான் பிடிக்கிறேன்.

தாளடி, நீ சொன்னது சரிதான் அம்மா. மெட்டியைக் கொடுத்தபோது சித்தி ஒன்றும் பேசவில்லை, திண்ணையில் உட்கார்ந்து விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சித்தப்பா அன்றைக்கே அந்த ஐந்து குழியில் உளுந்து தெளித்தார். அதற்குள் ஈரம் போய்விட்டது. பாதிதான் முளைத்திருக்கிறது.