இருப்பதை வைத்தே அலமாரியை மாற்றி அடுக்க யோசனை வேண்டும்

வணக்கம். வரவேற்பறைச் சுவர் அலமாரியை, புதிதாக எதுவும் வாங்காமல் மாற்றி அடுக்க ஆசை. எல்லாவற்றையும் இறக்கித் துடைத்தாயிற்று. புத்தகங்கள், பீங்கான் ஜாடிகள், மரப்பெட்டி, சட்டம் போட்ட படங்கள் இருக்கின்றன. உயரமானதைப் பின்னால் தள்ளி, மூன்று மூன்றாகச் சேர்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. சில புத்தகங்களைப் படுக்கவைத்து அவற்றின்மேல் ஜாடியை ஏற்றினால் இன்னும் எடுப்பு.

சிக்கல் நடுத்தட்டில்தான். ஆழம் குறைவு, வெளிச்சமும் போதாது. அடர்நிறப் பொருள் எதை வைத்தாலும் கண்ணுக்கே தெரிவதில்லை. பின்பக்கம் வெளிர்நிறத் துணி ஒட்டலாமா, இல்லை முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைக்கலாமா? இரண்டில் எது உங்கள் வீட்டில் பலன் தந்தது?

அப்புறம், படங்களைத் தட்டிலேயே சாய்த்து வைத்திருப்பவர்கள் அவை வழுக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? படம் எடுத்துப் போட்டால் பெரிய உதவி.