ரூஃப் வரைக்கும் போட்டுட்டு வேலையை நிறுத்திட்டாரு, 70% பணம் போயாச்சு, வேற ஆளை இறக்கலாமா?

கரூர்க்காரன்:

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் நீளமான கதை, பொறுமையா படிச்சுட்டு பதில் சொல்லுங்க. கரூர் பக்கம் எங்க சொந்த இடத்துல 1150 சதுர அடில தரைத்தளம் மட்டும் வீடு கட்டிட்டு இருக்கோம். உள்ளூர் இன்ஜினியர் ஒருத்தர்கிட்ட மெட்டீரியலோட சதுர அடி 2300னு பேசி, மொத்தம் 26 லட்சத்து 45 ஆயிரம்னு பத்திரத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம். அட்வான்ஸ் 10%, பேஸ்மென்ட் முடிஞ்சதும் 20, லிண்டல் லெவல்ல (கதவு ஜன்னலுக்கு மேல வர்ற கான்கிரீட் மட்டம்) 20, ரூஃப் கான்கிரீட் போட்டதும் 20, பூச்சுக்கு 15, டைல்ஸ் பெயிண்ட்டுக்கு 10, சாவி குடுக்கும்போது 5. இதுதான் பேச்சு. இதுவரைக்கும் பதினெட்டரை லட்சம் போயிருக்கு, எல்லாம் பேங்க் வழியாத்தான், லோன் பணம்.

ரூஃப் போட்ட பிறகு ஆள் வரவே மாட்டேங்கிறாரு. கேட்டா எம்சாண்ட் (கல்லை உடைச்சு செய்யற மணல்) விலை ஏறிப்போச்சு, ஜல்லி ஏறிப்போச்சு, இன்னும் 4 லட்சம் சேர்த்து குடுத்தாத்தான் பூச்சு ஆரம்பிப்பேன்கிறாரு. அதுக்கு மேல ஜிஎஸ்டி 18% தனியா வேணுமாம், இதை அக்ரிமென்ட் போடும்போது சொல்லவே இல்ல.

இது போதாதுன்னு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்க கட்டின ஷீட்டும் கம்பும்) பிரிச்சப்போ ஹால் பீம் அடியில ஒரு முழ நீளத்துக்கு ஜல்லி ஜல்லியா தெரியுது, ரெண்டு இடத்துல கம்பியே வெளிய தெரியுது, வண்டி சாவியால லேசா கிளறினா மணலா கொட்டுது. அவரு சொல்றது "அது ஒண்ணும் இல்ல சார், பூசிட்டா சரியாயிடும்". பீமுக்கு அடியில முட்டு குடுத்த கம்பையும் பத்தாவது நாளே எடுத்துட்டாங்க.

இப்போ மேஸ்திரி ஒரு பக்கம் வந்து என் கூலி பாக்கி, இன்ஜினியர் தரல, நீங்க குடுங்கன்னு நிக்கிறாரு. கம்பிக்கடைக்காரரும் போன் பண்றாரு. வாடகையும் வட்டியும் சேர்ந்து ஓடுது. மச்சான் சொல்றாரு இவனை விட்டுட்டு வேற மேஸ்திரிய வெச்சு முடிச்சுடலாம், பிறகு கேஸ் போட்டுக்கலாம்னு. அப்படி செய்யலாமா? ரேராலன்னு சொல்றாங்களே, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், அதுல கம்ப்ளெயின்ட் பண்ண முடியுமா? இல்ல நேரா போலீஸா?

சைட்டுல_இருபது_வருசம்:

முதல்ல அந்த பீம் மேல கை வைக்க விடாதீங்க. பூச்சு வேலைக்கு வேற ஆள் வந்தா அவன் மொதோ வேலையா அதைத்தான் மூடுவான், மூடிட்டா நாளைக்கு நீங்க எதைக் காட்டுவீங்க.

நீங்க சொல்றது ஹனிகோம்ப், அதாவது கான்கிரீட் கெட்டியா இறங்காம தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா நிக்கறது. வைப்ரேட்டர் ஒழுங்கா விடாம, கம்பிக்கு அடியில கவர் பிளாக் வைக்காம, கலவையில தண்ணிய அள்ளி ஊத்தினா இப்படித்தான் வரும். பீமுக்கு கம்பியைச் சுத்தி குறைஞ்சது 25 மில்லி கவர், அதாவது கம்பியை மூடற கான்கிரீட் இருக்கணும், உங்களுக்கு கம்பியே தெரியுதுன்னா அந்த இடத்துல கவரே இல்ல. முட்டு விஷயம் அதைவிட மோசம். 6 மீட்டர் வரைக்கும் உள்ள பீமுக்கு அடிமுட்டு 14 நாள் நிக்கணும்னு கான்கிரீட் வேலைக்கான இந்திய தர விதி ஐஎஸ் 456லயே இருக்கு, அதுக்கு மேல நீளம்னா 21 நாள். சிலாபுக்கு நாலரை மீட்டர் வரைக்கும்னா 7 நாள் போதும். அதை வெச்சு பீமுக்கும் சேர்த்து பிரிச்சிருப்பாங்க, சென்ட்ரிங் ஷீட்டுக்கு நாள் வாடகை ஓடுது இல்ல, அதான் அவசரம்.

பயந்துடாதீங்க, ஹனிகோம்ப்னாலே வீடு போச்சுன்னு அர்த்தம் இல்ல. மேலாக இருந்தா லூஸா இருக்கிறதை கொத்தி எடுத்துட்டு பாலிமர் மார்ட்டர்லயோ மைக்ரோ கான்கிரீட்லயோ சரி பண்ணலாம். உள்ள வரைக்கும் போயிருந்தாத்தான் பெரிய வேலை. அதைக் கண்ணால பார்த்து சொல்ல முடியாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தரைக் கூப்பிட்டு ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் ரெண்டு டெஸ்டும் (கான்கிரீட்டை உடைக்காம பலத்தையும் உள்ள இருக்கிற ஓட்டையையும் பார்க்கறது) பண்ணச் சொல்லுங்க. சந்தேகம் வந்தா கோர் எடுக்கச் சொல்லுவாங்க, அதாவது துளை போட்டு உருளையா ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் பண்றது, அது குறைஞ்சது மூணு எடுக்கணும், அந்த கிரேடுக்கு வரவேண்டிய பலத்துல சராசரி 85% வரணும், எதுவும் 75க்கு கீழ போகக்கூடாது. அதுவரைக்கும் பீமுக்கு அடியில திரும்ப முட்டு குடுத்து வெச்சிடுங்க. இன்ஜினியரிங் காலேஜ் லேப்லயும் ஃபீஸ் கட்டினா பண்ணித்தருவாங்க, அவங்க லெட்டர்ஹெட்ல ரிப்போர்ட் வந்தா கோர்ட்ல மரியாதை அதிகம்.

அப்புறம் உங்க பேமென்ட் ஷெட்யூலப் பாருங்க. ரூஃப் போட்டா 70% கைக்கு வந்துடுது. என் கணக்குல பேஸ்மென்ட், பில்லர், சுவர், ரூஃப் எல்லாம் சேர்ந்தே 50, மிஞ்சிப்போனா 55தான் வரும். மிச்சம் பூச்சு, வயரிங், பிளம்பிங், கதவு ஜன்னல், டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் சேர்த்தா 12 லட்சத்துக்கு குறையாது, ஆனா அவருக்கு உங்ககிட்ட இருந்து வரவேண்டியது 7 லட்சத்து 95 ஆயிரம்தான். உங்க பணத்தை வேற சைட்டுக்கு உருட்டிட்டாரு, இனி வந்து வேலை செஞ்சா கையிலிருந்து போடணும், பிறகு எப்படி வருவாரு. ஊருக்கு ஊரு இதே ஷெட்யூலத்தான் அச்சடிச்சு வெச்சிருக்காங்க.

மதுரை_வக்கீல்:

தம்பி, மச்சான் சொன்னதை இப்போதைக்கு செய்யாதீங்க. வேற ஆளை இறக்கலாம், சட்டமே வழி குடுத்திருக்கு, ஆனா வரிசை மாறக்கூடாது.

2018ல குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தை திருத்தினாங்க, ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்னா எல்லாருக்கும் தெரியும். அதுல 20வது பிரிவு, ஒப்பந்தம் போட்டவன் வேலையை செய்யலன்னா நீங்க இன்னொருத்தரை வெச்சு முடிச்சுட்டு அந்த செலவை மொதல் ஆள்கிட்ட வசூல் பண்ணலாம்னு சொல்லுது. கண்டிஷன் என்னன்னா, குறைஞ்சது 30 நாள் டைம் குடுத்து எழுத்துமூலமா நோட்டீஸ் அனுப்பியிருக்கணும், அந்த டைம்லயும் அவர் செய்யாம இருந்திருக்கணும், அப்புறம் நீங்க நிஜமாவே வேற ஆளை வெச்சு வேலையை முடிச்சிருக்கணும். நோட்டீஸே இல்லாம வேற மேஸ்திரிய இறக்கிட்டு இந்தப் பிரிவுல செலவைக் கேக்க முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் வந்து என் கட்சிக்காரர் வேலை செய்யத் தயாரா இருந்தாரு, இவங்கதான் சைட்டை விட்டு துரத்திட்டாங்கன்னு ஒரே வரில முடிச்சிடுவாரு. இன்னொண்ணு, இந்த வழியில வேலையை முடிச்ச பிறகு அவரே வந்து முடிச்சுத்தரணும்னு கேக்க முடியாது, நஷ்ட ஈடு மட்டும் கேக்கலாம்.

அதனால மொதல்ல அளவு எடுங்க. இவருக்கு சம்பந்தமில்லாத ரிஜிஸ்டர்டு இன்ஜினியர் ஒருத்தரை வெச்சு இதுவரைக்கும் என்ன வேலை நடந்திருக்கு, அதோட மதிப்பு என்ன, குறை என்னன்னு போட்டோவோட ரிப்போர்ட் வாங்குங்க. அந்த நாளும் நேரமும் குறிச்சு இன்ஜினியருக்கு முன்கூட்டியே மெசேஜும் லெட்டரும் அனுப்புங்க, வந்து பக்கத்துல நில்லுங்கன்னு. வரலன்னா அதுவும் நமக்கு நல்லதுதான். பிறகு நோட்டீஸ். ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி டெலிவரி ஆன அத்தாட்சிய எடுத்து வையுங்க. வாட்ஸ்அப்ல அவர் 4 லட்சம் கேட்டது, "பூசிட்டா சரியாயிடும்"னு சொன்னது எதையும் டெலிட் பண்ணாதீங்க, போனையும் மாத்தாதீங்க. புது சாட்சியச் சட்டத்துல 63வது பிரிவுப்படி, எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கான சர்டிபிகேட் சேர்த்து தாக்கல் பண்ணணும், முன்னாடி 65-பி பிரிவுன்னு சொன்னது அதுதான்.

ரேரா உங்களுக்கு வராது. அது பிளாட், மனை விக்கிற புரமோட்டருக்கான சட்டம். சொந்த இடத்துல நீங்க கான்ட்ராக்ட் விட்டது அதுல சேராது. நீங்க போகவேண்டியது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டத்துல சேவைங்கிற வார்த்தைக்கு குடுத்த விளக்கத்துலயே வீட்டுக் கட்டுமானம் இருக்கு. குடுத்த பணம் 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையம்தான், உங்க பதினெட்டரை லட்சத்துக்கு ஃபீஸ் 400 ரூபாதான். நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம், வக்கீல் வைக்கணும்னு கட்டாயம் இல்ல (எங்க பொழப்புல மண்ணைப் போடுற விஷயம்தான், இருந்தாலும் சொல்லிடறேன்). பிரச்சனை ஆரம்பிச்ச நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டாகணும். அக்ரிமென்ட்ல ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்கு வெளிய நடுவர் வெச்சு தீர்த்துக்கணும்னு ஒரு வரி இருந்தாலும் கவலைப்படாதீங்க, அதைக் காட்டி நுகர்வோர் வழக்கை தடுக்க முடியாதுன்னு எமார் எம்ஜிஎஃப் வழக்குல 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. சட்டத்துல 3 மாசம், டெஸ்ட் தேவைப்பட்டா 5 மாசத்துல முடிக்கணும்னு எழுதியிருக்கு, நடப்புல அதை நம்பி கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சுடாதீங்க.

போலீஸ்ல குடுத்தா புகாரை வாங்கிக்கிட்டதுக்கு சிஎஸ்ஆர்னு ஒரு ரசீது கிடைக்கும், கூப்பிட்டு பேசுவாங்க, அவ்வளவுதான். மோசடின்னு நிக்கணும்னா ஆரம்பத்துலயே ஏமாத்துற எண்ணம் இருந்ததுன்னு காட்டணும். ரூஃப் வரைக்கும் கட்டினவர் மேல அது கஷ்டம், சிவில் மேட்டர்னு அனுப்பிடுவாங்க.

கான்ட்ராக்டர்_தான்_நானும்:

எல்லாரும் ஒரு பக்கமே பேசறீங்க. கரூர் அண்ணா, 2300க்கு மெட்டீரியலோட ஒத்துக்கிட்டவர் எப்படி முடிப்பாருன்னு கையெழுத்து போடும்போது யோசிச்சீங்களா? நாலு பேர் கொட்டேஷன் குடுத்தா ஓனருங்க கண்ணு குறைச்ச ரேட்டு மேலதான் போகும். 2025 ஏப்ரல்ல கனிம நில வரி வந்து குவாரிக்காரங்க ஸ்ட்ரைக் பண்ணினப்போ எம்சாண்ட் ஜல்லி கிடைக்காம நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், ஒரு லோடுக்கு கால்ல விழாத குறை. வேலைக்கு வடநாட்டு பசங்கதான், தீபாவளி சாத்பூஜைன்னு ஊருக்கு போனா எப்போ திரும்புவாங்கன்னு தெரியாது. இதுக்கு நடுவுல ஓனர் வந்து இங்க ஒரு லாஃப்ட், அங்க ஒரு ஷோகேஸ், சம்ப்பை இன்னும் கொஞ்சம் பெருசா போடுங்கன்னு வாயால சொல்லிட்டு போயிடுவாங்க, பில் குடுத்தா இதெல்லாம் சதுர அடி ரேட்லயே வராதான்னு கேப்பாங்க. உங்க வீட்டுல எக்ஸ்ட்ரா எதுவும் இல்லையா, உண்மைய சொல்லுங்க.

ஆனா பீம் விஷயத்துல நான் அவருக்கு பேச மாட்டேன். முட்டுக் கம்பை பத்து நாள்ல எடுத்தது தப்பு.

கரூர்க்காரன்:

எக்ஸ்ட்ரா இருக்குண்ணா, ஆனா வாயால இல்ல. சம்ப் லிட்டர் கணக்குல தனி ரேட்டு பேசி தனியா பணம் குடுத்தாச்சு, பதினெட்டரைல அது சேரல. பிளான்ல வேற எதையும் மாத்தல. விலை ஏறினா ரேட்டு ஏறும்னு அக்ரிமென்ட்ல எங்கயும் இல்ல. அப்புறம் அவரோட சென்ட்ரிங் ஷீட், சவுக்குக் கம்பு, மிக்ஸர் மெஷின் எல்லாம் நம்ம சைட்லதான் கிடக்கு, பணத்தை செட்டில் பண்ற வரைக்கும் அதை குடுக்காதன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு.

மதுரை_வக்கீல்:

அந்த பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேக்கவே கேக்காதீங்க தம்பி. ஷீட் பாதி நேரம் இன்ஜினியரோடதே இருக்காது, வாடகைக்கு எடுத்திருப்பாரு. வாடகைக்காரர் ஸ்டேஷன்ல புகார் குடுத்தா நீங்கதான் போய் நிக்கணும். எத்தனை ஷீட், எத்தனை கம்புன்னு லிஸ்ட் போட்டு போட்டோ எடுத்து, வந்து எடுத்துட்டு போங்கன்னு நோட்டீஸ்லயே ஒரு பாரா சேர்த்துடுங்க. எடுத்துட்டு போகும்போது கையெழுத்து வாங்குங்க.

கம்பிக்கடைக்கு நீங்க ஆர்டர் குடுக்கல, பில் உங்க பேர்ல இல்லன்னா அது அவருக்கும் இன்ஜினியருக்கும் உள்ள கணக்கு. விலையேத்தம்னு ஷரத்து இல்லாத அக்ரிமென்ட்ல ரேட்டை ஒருதலையா ஏத்த முடியாது.

ஆடிட்டர்_பொண்ணு:

ஜிஎஸ்டி பத்தி மட்டும் சொல்றேன். அவர்கிட்ட ஜிஎஸ்டி நம்பர் கேளுங்க, டாக்ஸ் இன்வாய்ஸ் கேளுங்க. பதிவு பண்ணாதவர் ஜிஎஸ்டின்னு சொல்லி ஒரு ரூபா கூட வசூலிக்கக் கூடாது, சட்டத்துலயே 32வது பிரிவு இருக்கு. மெட்டீரியலோட கான்ட்ராக்ட்னா 18% உண்டுதான், அதனால இனிமே யாரோட பேசினாலும் ரேட்டு ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலான்னு எழுதி வாங்குங்க. நீங்களே பொருள் வாங்கிக் குடுத்து வெறும் லேபர் கான்ட்ராக்ட் விட்டா தனி வீட்டுக்கு வரிவிலக்கு இருக்கு, மிச்ச வேலைக்கு அது கூட யோசிக்கலாம்.

ஒரு விஷயம், கான்ட்ராக்டர் அண்ணா எம்சாண்ட் ஏறினதை சொன்னாரு, 2025 செப்டம்பர் 22ல சிமெண்ட் வரி 28ல இருந்து 18 ஆனதை சொல்லவே இல்லையே :)

சைட்டுல_இருபது_வருசம்:

மேஸ்திரி கூலி விஷயத்தை யாரும் தொடல. அவரு வயிறு எரியறது நியாயம்தான், ஆனா இன்ஜினியருக்கு தெரியாம நீங்க கையில குடுத்தா அது கணக்குலயே வராது. குடுக்கறதா இருந்தா இன்ஜினியர்கிட்ட, இவருக்கு இவ்வளவு நேரா குடுக்கறேன், உங்க பாக்கில கழிச்சுக்கறேன்னு எழுத்துல ஒப்புதல் வாங்கிட்டு குடுங்க. இல்லன்னா மிச்ச வேலைக்கு நீங்க லேபர் கான்ட்ராக்ட் விடும்போது அதே மேஸ்திரிக்கு குடுங்க, அந்த வீட்டோட பைப்லைன் எங்க ஓடுதுன்னு அவருக்குத்தான் தெரியும்.

புது அக்ரிமென்ட்ல ஷெட்யூல தலைகீழா மாத்துங்க. பூச்சை உள்பூச்சு வெளிப்பூச்சுன்னு ரெண்டா பிரிங்க, வயரிங் தனி, டைல்ஸ் தனி, முடிச்ச வேலைக்கு அளந்து காசு, கடைசில 10% ஆச்சும் கையில நிக்கணும். சிமெண்ட், கம்பி, வயர், பைப் எல்லாத்துக்கும் பிராண்ட் பேர் எழுதுங்க. வெளிப்பூச்சுக்கு சாரம் கட்டும்போது எவனாச்சும் விழுந்தா என்ன பண்றதுன்னு யாரும் யோசிக்கறது இல்ல, வேலைக்காரங்க பேர்ல ஒரு ஒர்க்மென் காம்பென்சேஷன் பாலிசி எடுக்கச் சொல்லி ஷரத்து போடுங்க. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துல பதிவு பண்ணின ஆளுங்களான்னும் கேளுங்க, கார்டு இருந்தா விபத்துக்கு உதவித்தொகை கிடைக்கும்.

கரூர்க்காரன்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். திருச்சியில இருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரேன்னு சொல்லியிருக்காரு, அவர் வர்ற நாளை குறிச்சு நம்ம ஆளுக்கு லெட்டரும் மெசேஜும் அனுப்பியாச்சு, ப்ளூ டிக் விழுந்திருக்கு, பதில் இல்ல. பீமுக்கு அடியில முட்டு குடுத்தாச்சு. கடைசியா ஒரு கேள்வி, லோன் குடுத்த பேங்க்ல இருந்து ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துட்டு போனாரே, அந்த ரிப்போர்ட் உதவுமா? மிச்ச லோன் பணத்தை புது ஆளுக்கு விடுவாங்களா?

மதுரை_வக்கீல்:

உதவும், ஆனா வேலை எந்த ஸ்டேஜ்ல இருந்ததுன்னு காட்ட மட்டும்தான். பேங்க் ஆள் வேலை நடந்திருக்கான்னு பார்ப்பாரு, தரத்துக்கு அவர் ஜவாப்தாரி இல்ல. காப்பி கேட்டு லெட்டர் குடுங்க. மிச்ச பணம் உங்க பேர்ல வர்ற லோன், கான்ட்ராக்டர் மாறினதை எழுதிக் குடுத்து புது எஸ்டிமேட் வையுங்க, பொதுவா ஒத்துக்குவாங்க. 30 நாள் முடியறதுக்கு முன்னாடி புது ஆள்கிட்ட பேசலாம், எஸ்டிமேட் வாங்கலாம், அட்வான்ஸ் மட்டும் குடுத்துடாதீங்க.