புதுப்பிப்பு: ஸ்டான்லி 5-ஆம் எண் இழைப்புளியின் வயது

லீவர் கேப்பின் (பிளேடை அழுத்திப் பிடிக்கும் மூடி) துளை சிறுநீரக வடிவில் இருந்ததால் இது 1933-க்குப் பிந்தையது என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு. ஃப்ராக்குக்கு (பிளேடு சாய்ந்து அமரும் தாங்கி) பின்னால் அப்பியிருந்த பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்ட பித்தளைப் பிரஷால் தேய்த்ததும் மூன்று காப்புரிமைத் தேதிகள் தெரிந்தன: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. அப்படியானால், சேகரிப்பவர்கள் ஸ்டான்லி இழைப்புளிகளைக் காலவாரியாகப் பிரிக்கும் வரிசையில் இது 11-ஆம் வகை, சுமார் 1910–1918. முன்பிடி குட்டையாக இருப்பதும் இதோடு பொருந்துகிறது. உயரப் பிடி அதற்குப் பிறகு வந்தது.

லீவர் கேப் மட்டும் பின்னாளில் யாரோ மாற்றிப் போட்டது. அதில் 'ஸ்டான்லி' என்ற பெயர் வார்க்கப்பட்டதே 1925 வாக்கில்தான். பிளேடு, கேப், பிடி எல்லாவற்றையும் எளிதில் மாற்றிவிடலாம். உடலில் வார்த்த எழுத்து மாறாது, அதையே முதலில் பாருங்கள். தேய்க்க இரும்புப் பிரஷ் வேண்டாம். கறுப்பு ஜப்பானிங் பூச்சு உரிந்துவிடும், விலையும் இறங்கிவிடும்.

இரண்டே தேதிகள் இருந்து, ஃப்ராக்கை நகர்த்தும் திருகும் இல்லையென்றால் அது 9-ஆம் வகை.