புதுப்பிப்பு: ஐஎஸ்ஓ 14001 போர்டு தொங்குனா குளத்துத் தண்ணிக்கு யாரு பொறுப்பு?

எங்க ஊர்ப்பக்கம் ஒரு ஃபேக்டரில ஐஎஸ்ஓ 14001 (சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான சர்வதேச ஸ்டாண்டர்டு) போர்டு மாட்டிருக்காங்க, அப்போ வாய்க்கால்ல கலக்குற தண்ணிக்கும் அவங்கதானே பொறுப்புன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல. பதில் போட்ட அண்ணாச்சிமாருக்கு நன்றி, இப்ப ஸ்டாண்டர்டையே படிச்சாச்சு.

அந்தச் சர்டிஃபிகேட்டுக்கு தண்ணி சுத்தம்னு அர்த்தம் இல்லவே. இவ்வளவுதான் கழிவு விடணும்னு ஒரு அளவும் அதுல கிடையாது, அளவு போடுதது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். உன் வேலையால என்ன பாதிப்புன்னு கண்டுபிடி, சட்டத்தை மதி, தணிக்கை பண்ணு, முன்னேத்தம் காட்டு, இம்புட்டுதான் கேக்குது. அதுலயும் எல்லையை கம்பெனியே வரைஞ்சுக்கிடலாம், பெரும்பாலும் காம்பவுண்டு சுவரோட நின்னுரும்.

ஆனா பொதிகையில பெறந்து புன்னைக்காயல்ல கடல் சேருத தாமிரபரணிக்கு காம்பவுண்டு ஏது? அணைக்கட்டுல திரும்பி பாளையங்கால், கோடகன் கால்னு வாய்க்காலா ஓடி, ஒரு குளம் நெறஞ்சு மறுகால் பாஞ்சு அடுத்த குளத்துக்குப் போவுது, மேல விட்ட அழுக்கும் அதே வழிதான்.

நீர்ப்பிடிப்புப் பகுதியையே கணக்குல எடுக்குதது ஏடபிள்யூஎஸ்னு (அலையன்ஸ் ஃபார் வாட்டர் ஸ்டூவர்ட்ஷிப்ங்கிற அமைப்போடது) வேற ஸ்டாண்டர்டு, 2014ல வந்து 2019ல திருத்துனது. அதை நாம கட்டாயப்படுத்த முடியாது.

உருப்படியா ஒண்ணு: 14001 படி சுற்றுச்சூழல் கொள்கையை சம்பந்தப்பட்டவங்களுக்குக் கிடைக்கிற மாதிரி வைக்கணும், கடைமடை விவசாயியும் சம்பந்தப்பட்டவன்தான். அதைக் கேட்டு ஒரு கடிதம், 1974 தண்ணீர்ச் சட்டப்படி வாரியம் குடுத்த இசைவாணை (கழிவுநீர் விடுததுக்கான அனுமதி) நகலுக்கு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட) மனு ஒண்ணு, ரெண்டும் எழுதிட்டிருக்கோம். முன்ன இப்படி மனு போட்டவங்ககிட்ட மாதிரி மனு இருந்தா அனுப்புங்க.