வேலையை விட்டுச் சொந்தத் தொழிலுக்கு வந்தவர்களின் அனுபவங்கள்

கோவை, கணபதியிலிருந்து:

பம்ப் கம்பெனி ஒன்றின் டூல் ரூமில் (உற்பத்திக்கு வேண்டிய கருவிகளைச் செய்யும் பிரிவு) பல வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். வேலையை விடலாமா என்று யோசிக்கிற தம்பிகள் முதலில் கேட்பது, "கையில் எவ்வளவு இருந்தால் கிளம்பலாம்ணா?" என்பதுதான். நான் அவர்களிடம் கேட்பது வேறு. நாளைக்கே யாராவது உங்களை நம்பிக் கூலி வேலை, அதாவது அவர்கள் கேட்டதைச் செய்து கொடுத்துக் கூலி வாங்கும் ஜாப் ஒர்க், கொடுப்பார்களா? கொடுப்பார்கள் என்றால் கிளம்பலாம். புதுப் பொருள் விலைபோக நாம் நினைப்பதைவிட அதிக காலம் பிடிக்கும். அதுவரை ஷெட் வாடகை, கரண்ட் பில், பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் ஜாப் ஒர்க்கில்தான் ஓடியாக வேண்டும்.

நான் செய்ய நினைத்தது, எரிந்துபோன மோட்டாரிலிருந்து பழைய காயிலை உருவி எடுக்கும் மெஷின். எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடைகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கக் காயிலை உளியால் வெட்டிவிட்டு, வார்னிஷ் இளகுவதற்காக ஸ்டேட்டரை (காயில் உட்கார்ந்திருக்கும், சுழலாத இரும்புப் பகுதி) கேஸ் பர்னரில் காய்ச்சி, மறுபக்கம் கொக்கி போட்டு இழுப்பார்கள். சூடு மீறினால் அந்த இரும்பில் அடுக்கியிருக்கும் மெல்லிய ஸ்டாம்பிங் தகடுகளுக்கு நடுவே இருக்கிற இன்சுலேஷன் கருகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல கம்பி போட்டுச் சுற்றினாலும், லோடு இல்லாமல் ஓடும்போதே அந்த மோட்டார் கூடுதல் ஆம்ப்ஸ் (மின்னோட்டம்) இழுக்கும். "போன தடவை சுத்துனதுல இருந்தே சரியில்லீங்க" என்று விவசாயி மோட்டாரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவார். கடைக்காரர் கம்பியைக் குறை சொல்வார். எனக்கு இது ரொம்ப நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. மிதமான சூட்டில் ஸ்லாட் ஸ்லாட்டாக (காயில் பதிந்திருக்கும் பள்ளம் ஒவ்வொன்றாக) காயிலைக் கவ்வி, ஹைட்ராலிக் ஜாக்கியால் நேராக இழுக்கிற ஒரு தாடையை யோசித்து வைத்திருந்தேன். என் மெஷினில் புதுசு என்று சொல்ல அந்தத் தாடை ஒன்றுதான்.

வேலையை விடுவதற்கு முன்னால் அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரை எடுத்து முழுதாகப் படித்தேன். பணியில் இருக்கும்போது கண்டுபிடிப்பது எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு பத்தி இருந்தது. நம் 1970 காப்புரிமைச் சட்டத்தில், சம்பளத்துக்கு இருப்பவர் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம் என்று தனியாக ஒரு பிரிவும் கிடையாது. ஆகவே நாம் கையெழுத்துப் போட்ட தாள் என்ன சொல்கிறதோ அதுதான் முக்கியமாகிறது. தாடையின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடமே போய்விட்டேன். அவர் புரட்டிப் பார்த்தார். "புது மோட்டார் செய்யறவனுக்கு இது எதுக்குங்க? நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லி, ஆட்சேபம் இல்லை என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். நான் எழுந்தபோது, "இம்பெல்லர் போரிங்குக்கு ஃபிக்ஸ்சர் வேணும், கொட்டேஷன் குடுத்துட்டுப் போங்க" என்றார். பம்புக்குள் சுழலும் சக்கரத்தில் துளையைக் கடையும்போது அதை அசையாமல் பிடித்துக்கொள்கிற சாதனம் அது. எனக்குக் கிடைத்த முதல் ஜாப் ஒர்க் அதுதான். சண்டை போட்டுக்கொண்டு வேலையை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நம் கைவேலையை நன்றாகத் தெரிந்த வாடிக்கையாளர் நம் பழைய கம்பெனிதான்.

மெஷினை வெளியே யாருக்கும் காட்டும் முன் காப்புரிமைக்குத் தற்காலிக விவரக்குறிப்பு (ஆரம்ப விவரத்தைக் கொடுத்துத் தேதியைப் பிடித்து வைக்கும் விண்ணப்பம்) போட்டேன். ஊர் பார்க்கக் காட்டிவிட்டோ விற்றுவிட்டோ விண்ணப்பித்தால், இது புதியது என்று சொல்லும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். தனி ஆள் ஆன்லைனில் போட்டால் கட்டணம் 1,600 ரூபாய்தான். ஏஜென்ட் வைத்தால் அது தனிச் செலவு. முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு, அந்த மாதங்களில் தாடையை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருந்தேன். காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 வருடம். அதுவும் வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம் கட்டி வந்தால்தான்.

அப்புறம் பல்லடத்தில் ஒரு ரீவைண்டிங் கடைக்கு மெஷினைக் கொண்டுபோனேன். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர், விரலெல்லாம் வார்னிஷ் கறை. கோர் லாஸ் (ஸ்டேட்டர் இரும்பில் வீணாகும் மின்சாரம்), நோ லோடு ஆம்ப்ஸ் என்று நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். "எம் பையன் உளியிலயே எடுத்துருவான் தம்பி" என்றார், அவ்வளவுதான். சரி, ஓட்டியாவது காட்டலாம் என்று ஒரு பழைய மூன்று எச்.பி. ஸ்டேட்டரை மாட்டினேன். காயில் கொத்தாக வெளியே வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, கூரையை அண்ணாந்து பார்த்தார். "புகையே வரலையே!" என்றார். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தைக்கு இளைப்பாம். வார்னிஷ் கருகுகிற நாற்றத்துக்காக அந்த வீட்டுக்காரர்கள் இரண்டு முறை பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார்களாம். புகைக்காகத்தான் அவர் மெஷினை வாங்கினார். அதன்பின் எந்தக் கடைக்குப் போனாலும் ஆம்ப்ஸ் பேச்சைப் பின்னால் வைத்துக்கொண்டு, கடை தெருவுக்குள் இருக்கிறதா, அக்கம்பக்கம் எப்படி என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.

எங்கள் ஊரில் கண்டுபிடிப்பு என்றாலே ஜி.டி. நாயுடு பெயர்தான் வரும். ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டவர் என்கிற கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்து நடந்ததைத்தான் நான் முக்கியம் என்று நினைக்கிறேன். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தார். அது யு.எம்.எஸ். என்கிற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. மின்சார ரேஸரும் மற்ற கருவிகளும் அதற்குப் பிறகு வந்தவை. தினமும் டிக்கெட் காசு வந்துகொண்டிருந்த மனிதர் அவர். அருணாசலம் முருகானந்தமும் வெல்டிங் பட்டறையில் உழைத்துக்கொண்டேதான் நாப்கின் மெஷினைச் செய்து பார்த்தார். 2016-இல் பத்மஸ்ரீ வந்ததை மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்தப் பட்டறை கண்ணில் படுவதில்லை.

ஈரோட்டிலிருந்து:

கணபதி அண்ணன் சொன்ன கூலி வேலை எனக்கு இல்லை. சென்னையில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, குழந்தைகளுக்கான பருத்தி உடை தைக்கும் யூனிட் போட்டவள் நான். ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை.

கம்பெனி கொடுக்கிற குரூப் மருத்துவக் காப்பீடு, நாம் வெளியே வந்ததும் முடிந்துவிடும். என் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகலாம். குரூப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு, ஆனால் வேலையில் இருக்கும்போதே எழுதிக் கேட்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது, எங்கள் ஹெச்.ஆர். பிரிவில் இருந்த ஓர் அக்கா. டீ குடிக்கும்போது, "போறதுக்கு முன்னாடி அம்மாவைப் பார்த்துக்கோ" என்றார். இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்வேன். ஒரே கம்பெனியில் ஐந்து வருடம் முடிய ஒரு சில மாதம்தான் பாக்கி என்றால் இருந்து கிராஜுவிட்டியையும் (பணிக்கொடை) வாங்கிக்கொண்டு போங்கள். மெஷின் வாங்கும்போது அந்தப் பணத்தின் அருமை தெரியும்.

கடனுக்கு நான் போனது மாவட்டத் தொழில் மையத்துக்கு. புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் முதலீட்டில் 25 சதவீத மானியம், வட்டியில் 3 சதவீதச் சலுகை. அங்கே இருந்த அதிகாரி என் திட்ட அறிக்கையைப் படித்துவிட்டு, "துணி எங்கே வாங்குவீங்கன்னு ஆறு பக்கம் எழுதியிருக்கீங்க, யாருக்கு விப்பீங்கன்னு ஆறு வரிதான் இருக்கும்மா" என்றார். அந்தப் பகுதியைத் திருத்தி எழுதுவதற்காகவே கடை கடையாக ஏறி இறங்கினேன். என் முதல் ஆர்டர் அந்த அலைச்சலில் கிடைத்தது, கடன் வருவதற்கு முன்னாலேயே. மானியம் கடைசியில்தான் கணக்கில் சேரும், அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கணபதி அண்ணா, ஒரு சந்தேகம். என் தம்பி லேத் பட்டறை போடப் போகிறான். பழைய லேத் வாங்கலாமா?

ஓசூரிலிருந்து:

தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன், இப்போது கேஜ் (பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் கருவி) செய்து கொடுக்கிறேன். விற்பதைவிட விற்றதற்குப் பணம் வாங்குவது எனக்குப் பெரிய பாடாக இருந்தது. ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் ஒவ்வொரு மாதமும் "அடுத்த வாரம் செக் ரெடி" என்பார், அந்த வாரம் வரவே வராது. பெயர் வேண்டாம்.

உத்யம் என்கிற மத்திய அரசுப் பதிவைச் செய்திருக்கிற குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் துணை நிற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும், அதுவும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கிற அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். நான் கொடுக்கவில்லை, வாடிக்கையாளரையே இழந்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் இருப்பதுதான். ஆனால் 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்கிற பிரிவு வந்தபிறகு, வருடக் கடைசியில் இந்தக் கெடுவைத் தாண்டி நிலுவை வைத்தால், வாங்கிய கம்பெனி அந்தத் தொகையைப் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று ஆகிவிட்டது. இப்போது என் பில் ஒவ்வொன்றிலும் உத்யம் எண்ணையும் பணம் வர வேண்டிய தேதியையும் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறேன். பில்லை பர்ச்சேஸுக்கு அனுப்புவதோடு அக்கவுண்ட்ஸுக்கும் ஒரு பிரதி போகும். மார்ச் மாதத்தில் அக்கவுண்ட்ஸ்காரர்களே கூப்பிட்டுப் பேசுகிறார்கள்.

மறுபடியும் கணபதியிலிருந்து:

ஈரோட்டுத் தங்கச்சிக்கு: தாராளமாக வாங்கலாம்மா. ஆனால் பெயிண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது, புதுப் பெயிண்ட் அடித்த லேத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். பெட் (லேத்தின் நீளமான அடித்தளம்) தேய்வது பெரும்பாலும் சக்குக்கு (வேலைப் பொருளைப் பிடித்துச் சுழற்றும் பாகம்) பக்கத்தில்தான், வேலை அங்கேதான் அதிகம் நடக்கும். கேரியேஜை (பெட்டின் மேல் நகர்ந்து வெட்டும் கருவியைத் தாங்கும் பாகம்) அந்த இடத்தில் லூஸ் இல்லாமல் டைட் வைத்துவிட்டு, மறுகோடி வரை தள்ளிப் பார்க்கட்டும். அங்கே இறுகிப் பிடித்தால் பெட் தேய்ந்திருக்கிறது. நீளமான கம்பி ஒன்றைப் பிடித்து மெல்லிசாக ஒரு கட் ஓட்டி, இரண்டு முனையிலும் மைக்ரோமீட்டர் வைத்தால் டேப்பர் (இரண்டு முனைக்கும் உள்ள தடிமன் வித்தியாசம்) எவ்வளவு என்று தெரிந்துவிடும். விற்கிறவர் கரண்ட் இல்லை, ஓட்டிக் காட்ட முடியாது என்றால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடட்டும். பார்க்கப் போகும்போது கூப்பிடச் சொல்லுங்கள், கணபதி பக்கம் என்றால் நானே கூட வருகிறேன்.